சென்னைக்கு ஒன்பதாம் இடம், மதுரைக்கு இரண்டாம் இடம்

2022 மே மாதம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் டீக்கடைகளில் ஒரே புலம்பல்தான். "என்னாச்சுப்பா நம்ம சென்னைக்கு?" ஐபிஎல்லில் பத்து அணிகள், அதில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒன்பதாவது. ஜடேஜாவை கேப்டன் ஆக்கியது தப்பா, நடுவில் மறுபடியும் தோனியிடம் கொடுத்தது தப்பா என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. ஊரே துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது.

அதே மே மாதம், அதே தமிழ்நாட்டைச் சேர்ந்த இன்னொரு அணி, ஆடிய பத்து ஆட்டங்களில் பத்தையும் ஜெயித்துவிட்டு இந்திய சாம்பியன் பட்டத்துக்காகக் கடைசி ஆட்டத்தில் இறங்கத் தயாராக நின்றது. டீக்கடையில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஏனென்றால் அது கால்பந்து. அதிலும் பெண்கள் கால்பந்து. அணியின் பெயர் சேது எஃப்சி. ஊர் மதுரை.

பேசாத ஜனங்களைத் திட்டுவது சுலபம். "நம்ம ஆளுங்களுக்கு கிரிக்கெட்டை விட்டா ஒண்ணும் தெரியாது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். ஆனால் தப்பு நிஜமாகவே ஜனங்கள் மேல்தானா? அதைப் பார்ப்பதற்கு முன்னால், அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியப் பெண்கள் லீக் 2021-22 சீசனில் மொத்தம் 12 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடு ஒரு முறை மோதவேண்டும். செமி ஃபைனல், ஃபைனல் எதுவும் கிடையாது. புள்ளிப் பட்டியலில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்கள்தான் சாம்பியன். இந்த மாதிரி முறையில் பொதுவாகக் கடைசி வாரத்துக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும், கடைசி ஆட்டங்கள் சப்பென்று போகும். அந்த வருடம் அப்படி ஆகவில்லை. மதுரையின் சேது எஃப்சி 10 ஆட்டம், 10 வெற்றி, 30 புள்ளி. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவும் 10 ஆட்டம், 10 வெற்றி, 30 புள்ளி. அட்டவணைப்படி இரண்டு அணிகளும் மோதவேண்டிய நாள் கடைசி நாள், மே 26. யாரோ திரைக்கதை எழுதி வைத்த மாதிரி இருக்கிறது இல்லையா?

கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும். சேதுவுக்கு ஜெயித்தே ஆகவேண்டும்.

ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே சேதுவுக்காக ரேணு கோல் அடித்துவிட்டார். அந்த நிமிடத்தில் பட்டம் மதுரையில் இருந்தது. பதினோரு நிமிடம்தான் அந்த சந்தோஷம். 14-வது நிமிடத்தில் கோகுலத்துக்கு ஒரு பெனால்டி. இந்திய அணிக்கும் கேப்டனாக இருந்த ஆஷாலதா தேவி அதை கோலாக்கினார். 33-வது நிமிடத்தில் கானா நாட்டு வீராங்கனை எல்ஷடாய் அச்சம்பாங், 40-வது நிமிடத்தில் மனிஷா கல்யாண். இடைவேளைக்கு முன்பே 3-1. அதற்குப் பிறகு யாரும் கோல் அடிக்கவில்லை. பதினோராவது வெற்றியோடு கோகுலம் சாம்பியன். 12 அணிகளில், ஒரே ஒரு தோல்வியோடு, சேது இரண்டாவது இடம்.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒருதலை ஆட்டம் மாதிரிதான் தெரியும். ஆனால் பத்து ஆட்டங்கள் தோற்காமல் வந்த இரண்டு பக்கத்து மாநில அணிகள், கடைசி நாளில், ஒரே ஆட்டத்தில் மொத்த சீசனையும் வைத்து ஆடின. இந்தியக் கால்பந்தில் இப்படி ஒரு நாள் அடிக்கடி வராது. இன்னொரு வேடிக்கை, மே 25-ல் ஒரு ஐபிஎல் ஆட்டம், மே 27-ல் இன்னொரு ஐபிஎல் ஆட்டம், நடுவில் மே 26 ஐபிஎல்லுக்கே ஓய்வு நாள்! போட்டிக்கு கிரிக்கெட்கூட இல்லாத சாயங்காலம்.

சரி, இந்த ஆட்டம் நடந்தது எங்கே? மதுரையிலா? கோழிக்கோட்டிலா? இரண்டும் இல்லை. ஒடிஷாவின் புவனேஸ்வரில். இது மட்டுமல்ல, அந்த சீசனின் 66 ஆட்டங்களும் அந்த ஒரே ஊரில்தான் நடந்தன. மதுரைக்காரர் ஒருவர் தன் ஊர் அணியை நேரில் பார்க்க நினைத்திருந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போயிருக்கவேண்டும்.

பி.காம் படிக்கும் யாருக்கும் மார்க்கெட்டிங் பேப்பரில் நான்கு 'பி' உண்டு. புராடக்ட், பிரைஸ், பிளேஸ், பிரமோஷன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகும் விஷயம்தான், ஆனால் இங்கே வைத்துப் பாருங்கள். புராடக்ட் இருந்தது, இரண்டு தோற்காத அணிகள். பிரைஸ் ஒரு தடையாக இல்லை. பிளேஸ், அதாவது சரக்கு வாங்குபவன் கைக்கு எட்டும் இடம், சுத்தமாக இல்லை. பிரமோஷன் பற்றிப் பேசவே வேண்டாம். இப்படி ஒரு சோப்பை விற்றுவிட்டு "ஜனங்களுக்குக் குளிக்கவே பிடிக்கவில்லை" என்று ஒரு கம்பெனி சொன்னால் சிரிப்போம். பெண்கள் கால்பந்து விஷயத்தில் மட்டும் "பார்க்க ஆள் இல்லை" என்பதை அப்படியே நம்பிவிடுகிறோம்.

இதே சமயத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் பார்க்கலாம். இந்தியப் பெண்கள் லீக்கின் முதல் சீசன் 2017 ஜனவரி 28 அன்று டில்லியில் தொடங்கியது. சரியாக ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 3 அன்று, ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' கால்பந்து லீக் தொடங்கியது. அது வேறு மாதிரி விளையாட்டு. முட்டை வடிவப் பந்து, நீள்வட்டமான பெரிய மைதானம், கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் தள்ளிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி.

மெல்போர்னில் கார்ல்டன் அணிக்கும் காலிங்வுட் அணிக்கும் முதல் ஆட்டம். அனுமதி இலவசம். 24,568 பேர் வந்து மைதானம் நிரம்பி கேட்டைப் பூட்டவேண்டி வந்தது. உள்ளே போக முடியாமல் வெளியே நின்ற கூட்டத்திடம் லீக்கின் தலைமை அதிகாரியே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த வருட இறுதி ஆட்டத்தில் அடிலெய்டு 35, பிரிஸ்பேன் 29. இரண்டு அணிகளும் அடித்தது ஆளுக்கு நான்கு கோல்தான்! அந்த ஆறு புள்ளி வித்தியாசமும் கோல் தவறிப் பக்கத்தில் போன ஒற்றைப் புள்ளிகளால் வந்தது. அடுத்த வருட இறுதி ஆட்டமும் அதே ஆறு புள்ளியில்தான் முடிந்தது. 2019 இறுதி ஆட்டத்தை அடிலெய்டு ஓவல் மைதானத்தில் 53,034 பேர் பார்த்தார்கள்.

"அது பணக்கார நாடு, அவர்களோடு ஒப்பிடலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக இல்லை. சீசன் ரொம்பச் சின்னது, சம்பளம் போதாது, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடவேண்டியிருக்கிறது என்று வீராங்கனைகள் குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியத்துக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஏற்கெனவே ஊரில் ரசிகர்கள் வைத்திருக்கும் கிளப்புகளின் பெயரில், அந்தந்த ஊரிலேயே ஆட்டத்தை வைத்தார்கள். எட்டு அணிகளோடு தொடங்கிய லீக் 2022-லேயே 18 அணிகள் ஆகிவிட்டது.

இதற்கு ஆஸ்திரேலியா வரை போகவே வேண்டாம், திருவண்ணாமலையே போதும். பௌர்ணமி கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள், தற்காலிக பஸ் ஸ்டாண்டு போடுகிறார்கள், வேங்கிக்கால் ரோட்டில் வண்டி நகராது. பக்திதான் முதல் காரணம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கூட இன்னொன்றும் இருக்கிறது. எந்த நாள் என்று காலண்டரைப் பார்த்தால் தெரியும். எந்தப் பாதை என்று தெரியும், 14 கிலோமீட்டர். போன மாதம் இருந்தது, அடுத்த மாதமும் இருக்கும். வருடா வருடம் தேதியும் இடமும் மாறிக்கொண்டே இருந்தால் எந்தக் கூட்டமும் பழகாது. கோயிலுக்கே இந்தக் கணக்கு பொருந்தும் என்றால் கால்பந்துக்குப் பொருந்தாதா?

பெண்கள் லீக்கில் இந்த நிச்சயம் இருந்ததே இல்லை. 2018-19 சீசன் லூதியானாவில் நடந்தது. அப்போது சேது எஃப்சி மணிப்பூர் போலீஸ் அணியை இறுதி ஆட்டத்தில் 3-1 என்று ஜெயித்து சாம்பியன் ஆனது. அதாவது மதுரைக்கு ஒரு தேசியப் பட்டம் ஏற்கெனவே வந்திருக்கிறது, அதுவும் ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல்தான் வந்தது. அடுத்த இறுதி ஆட்டம் பெங்களூரில். அதற்கு அடுத்த சீசன் கொரோனாவால் இல்லை. பிறகு புவனேஸ்வர், பிறகு அகமதாபாத். 2023-24-ல்தான் ஒருவழியாக ஒவ்வொரு அணியும் சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிரணி மைதானத்தில் ஒரு முறை ஆடும் முறை வந்தது. அப்போது அணிகளின் எண்ணிக்கை ஏழு. 2024-25-ல் எட்டு. இந்த முறை எந்தச் செலவுக் கணக்கைக் காட்டியும் பின்வாங்கக் கூடாது என்பதுதான் முக்கியமான விஷயம். ஒரு வருடம் சொந்த ஊரில் ஆடி, மறு வருடம் எங்கேயோ ஒரே ஊரில் அடைத்துவைத்தால் சேர்ந்த நாலு ரசிகர்களும் போய்விடுவார்கள்.

நிர்வாகத்தின் தப்புக்கு வீராங்கனைகள் எப்படி விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு அந்த 2022 சாம்பியன்களே சாட்சி. பட்டத்தின் பலனாக கோகுலம் அணி ஆசிய கிளப் போட்டிக்காக ஆகஸ்ட் மாதம் தாஷ்கண்ட் போய் இறங்கியது. அந்தச் சமயத்தில் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா தடை செய்தது. சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது காரணம். ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது, ஆனால் அதற்குள் போட்டி தொடங்கிவிட்டது. பதினோரு ஆட்டங்களை ஜெயித்து அங்கே போனவர்கள் ஒரு பந்துகூட உதைக்காமல் வீடு திரும்பினார்கள். மே 26 அன்று மதுரை இழந்ததும் கோழிக்கோடு ஜெயித்ததும் கடைசியில் ஒரே மாதிரி ஆகிப்போனது. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

"தரம் இல்லை, அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை" என்ற வாதமும் உண்டு. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், பல தடவை தேசிய சாம்பியன் ஆன மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்து முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் ஜெயித்து மறுபடியும் சாம்பியன். 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மூன்று ஆட்டமும் ஒரு கோல் வித்தியாசம். நகம் கடிக்க வைக்கும் ஆட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன தரம் வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினையும் இல்லை. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் பந்தை ஓரம் வைத்துவிட்டு சென்னையில் டியூட்டி பார்த்தார். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல விஷயம். பல வீடுகளில் பெண்ணை கிரவுண்டுக்கு அனுப்பவே அதுதான் காரணம். ஆனால் வேலை மட்டுமே காரணம் என்றால், வேலை கிடைத்த நாளோடு ஆட்டம் முடிந்துவிடும். கிடைக்காதவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடும். வேங்கிக்காலில் பள்ளிக்கூட அணியில் ஓடுகிற பெண்ணிடம் "இதை வெச்சு என்னடி பண்ணப் போற?" என்று அம்மா கேட்கும்போது, அவள் கை நீட்டிக் காட்ட ஒரு மைதானம், அதில் ஒரு ஆட்டம், அதைப் பார்க்க ஒரு கூட்டம் இருக்கவேண்டும்.

அதற்குக் கோடிகள் தேவையில்லை. அணிகள் சொந்த ஊரில் ஆடட்டும். சீசன் தேதி முன்கூட்டியே தெரியட்டும். நேரடி ஒளிபரப்பில் தமிழ் வர்ணனை வரட்டும். ஐபிஎல் புள்ளிப் பட்டியல் போடும் பத்திரிகைகள் அதன் பக்கத்தில் எட்டே வரிக்கு இந்தப் பட்டியலையும் போடட்டும். யார் எத்தனை புள்ளி, இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி என்று தெரிந்தால்தான் கடைசி ஆட்டத்தில் நெஞ்சு படபடக்கும். தெரியாதவனுக்கு அது இருபத்திரண்டு பேர் ஓடுகிற ஒரு சாயங்காலம், அவ்வளவுதான்.

ஒன்பதாவது இடத்துக்கு வந்த அணிக்காக அழுத ஊர், இரண்டாவது இடத்துக்கு வந்த அணிக்காகவும் கொஞ்சம் அழுதிருக்கலாம். ஆனால் அழுவதற்கு முதலில் அந்த அணி இருப்பது தெரியவேண்டும் இல்லையா? அடுத்த சீசன் தொடங்கும்போது அந்த டீக்கடையில் யாராவது ஒருவர் "சேது என்னப்பா ஆச்சு, ஜெயிச்சாங்களா?" என்று கேட்டால் போதும். பக்கத்தில் இருப்பவர் நிச்சயம் "அது யாரு சேது?" என்று திருப்பிக் கேட்பார்.

பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.