‘கனமான பொருள் தூக்க வேண்டாம்’: மட்டாஞ்சேரிக்குப் பொருந்தாத ஓர் அறிவுரை

குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: கனமான பொருள் எதையும் தூக்க வேண்டாம். சில சீட்டுகள் இதற்கு ஆறு வாரம் கெடு வைக்கின்றன. சில மூன்று மாதம் என்கின்றன. எத்தனை கிலோவுக்கு மேல் கனம் என்பதைப் பல சீட்டுகள் சொல்வதில்லை. அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிபவருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. அவர் காய்கறிப் பையை மகனிடம் கொடுத்துவிட்டு மாலையில் மெல்ல நடப்பார், மாதம் ஒன்று கழிந்தபின் உடற்பயிற்சிக் கூடத்துக்குத் திரும்புவதைப் பற்றி யோசிப்பார். மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் அரிசி மூட்டையும் சுமப்பவருக்கோ அந்த வரியின் பொருள் வேறு. வருமானமின்றி இரு என்பதே அது அவருக்கு இடும் கட்டளை.

கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளி எனப்படும் சுமைதூக்குவோருக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நலவாரியமும் பதிவு அட்டையும் உண்டு. இந்தியாவின் பல மாநிலங்களில் இந்த அளவுகூட இல்லை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஒருவர் தூக்கக்கூடிய சுமையின் உச்சவரம்பையும் 2021இல் கேரளம் 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைத்தது. பெண்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அது 35 கிலோ. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 55 கிலோ என்ற எல்லையைப் பரிந்துரைத்தது 1967இல். அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்து அந்த எண் வந்துசேர்ந்தது என்றாலும், வந்தது நல்லதே. ஆனால் அது நலமாக இருக்கும் உடலுக்கான எண். வயிற்றில் தையலோடு இருப்பவருக்குச் சட்டத்தில் தனி எண் எதுவும் இல்லை. சுழியத்திலிருந்து 55க்கு ஏற இடையில் படிகள் வைக்கப்படவில்லை.

மருத்துவ அறிவியல் இவ்விடத்தில் என்ன சொல்கிறது என்பது கூர்ந்து பார்க்கத்தக்கது. நெடுநாள் ஓய்வு என்னும் வழக்கம் பழைய அறுவை முறையிலிருந்து வந்தது. தசையைத் தசையோடு இழுத்துத் தைத்த காலத்தில் தையல் முழு இழுவிசையையும் தாங்க வேண்டியிருந்தது. தோலின் காயமே பழைய வலுவில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை எட்ட மூன்று மாதம் ஆகும். நூறை அது எட்டுவதில்லை. அன்றைய அச்சத்துக்கு இவ்வகையில் காரணம் இருந்தது. 1980களில் லிக்டன்ஸ்டைன் பரப்பிய முறையில் இழுவிசையின்றி வலை பொருத்தப்படுகிறது. வலை தொடக்கம் முதலே சுமையில் பங்கேற்கிறது. 2018இல் வெளியான பன்னாட்டு அரையிடுக்குக் குடலிறக்க வழிகாட்டுதல், சிக்கலற்ற அறுவைக்குப் பின் உடலுழைப்புக் கட்டுப்பாடு தேவையில்லை, அத்தகைய கட்டுப்பாடு குடலிறக்கம் மீண்டும் வருவதைக் குறைப்பதுமில்லை, உடல் இசையும் அளவில் இயல்பு வாழ்வுக்கு விரைந்து திரும்பலாம் என்கிறது. படுக்கையே நோயாகும் என்ற எச்சரிக்கையும் புதிதன்று: ரிச்சர்ட் ஆஷர் 1947இலேயே அதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். இருமலும் குதித்தலும் வயிற்றறைக்குள் உண்டாக்கும் அழுத்தம் பல எடைதூக்கும் பயிற்சிகள் உண்டாக்குவதைவிட மிகுதி என்பதும் அளந்து அறியப்பட்டதே. மிளகாய்த் தூசும் சுக்குத் தூசும் பறக்கும் கிடங்கில் நாள் முழுதும் இருமுபவருக்கு எழுதப்படும் சீட்டு, சுமையைத் தடுத்துவிட்டு இருமலைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருப்பது வேடிக்கைதான்.

அப்படியானால் ஆறு வாரக் கெடுவைக் கிழித்தெறிந்துவிட்டு மூட்டைக்குத் திரும்பலாம் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. பிழை நுழைவது இங்கேதான். ‘உடல் இசையும் அளவில்’ என்ற தொடர் ஒரு நிபந்தனையைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது: அளவை முடிவு செய்வது அந்த உடலுக்கு உரியவராக இருக்க வேண்டும். பூங்காவில் நடப்பவர் இழுத்துப் பிடித்தால் நிற்கலாம். பயிற்சிக் கூடத்தில் இன்று ஐந்து கிலோ, வலி இல்லையென்றால் அடுத்த வாரம் பத்து என்று ஏறலாம். அரையில் புடைப்போ, வீக்கமோ, காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வலியோ தென்பட்டால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போகலாம். லாரியிலிருந்து இறங்கும் மூட்டைக்கு ஐந்து கிலோப் பதிப்பு கிடையாது. குழுவில் பத்துப் பேர் வரிசையாகச் சுமக்கும்போது ஒருவர் மட்டும் நின்று தன் வயிற்றின் கருத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஓய்வுநேர உடலசைவு உடலைக் காக்கிறது, பிழைப்புக்கான கடும் உழைப்போ அதே நன்மையைத் தருவதில்லை, சில வேளை கெடுக்கவும் செய்கிறது என்ற முரணை டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் முதலியோர் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். வேகத்தையும் இடைவேளையையும் தீர்மானிக்கும் உரிமை இல்லாத உழைப்பைப் பயிற்சி என்று பெயரிடுவது சொற்பிழை மட்டுமல்ல, கருத்துப் பிழையும் ஆகும்.

மட்டாஞ்சேரிக்கு அருகே, கோட்டைக் கொச்சியின் வெளியில் இருக்கும் தோபி கானாவில் இந்தப் பிழை இன்னும் தெளிவாகத் தெரியும். டச்சுக்காரர் காலத்திலும் பிறகு ஆங்கிலேயர் காலத்திலும் படையினரின் சீருடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் கல்லில் அடித்துத் துவைக்கின்றனர். இப்போதுள்ள துவைகூடம் 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. கஞ்சி போட்ட துணியை முறுக்கிய இரட்டைக் கயிற்றில் செருகி உலர்த்துவதும், கரி போட்ட கனமான பெட்டியால் தேய்ப்பதும் படம் எடுக்க வரும் பயணிகளுக்கு அழகிய காட்சி. நனைந்த விரிப்பைத் தலைக்கு மேல் ஓங்கிக் கல்லில் அறைவது இடுப்பும் வயிறும் ஒருங்கே இறுகும் செயல். முதலாளி என்று ஒருவர் இல்லாததால் அவர்களின் வேகம் அவர்கள் கையில் இருப்பதுபோலத் தோன்றும். தங்கும் விடுதியின் விரிப்புகள் இன்ன நாளுக்குள் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் வாடிக்கை இயந்திரச் சலவைக்குப் போய்விடும் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தத் தோற்றம் கலைந்துவிடும். சுமட்டுத் தொழிலாளிக்கு வாரியமாவது உண்டு. சொந்தக் கணக்கில் துவைப்பவருக்கு விடுப்பு தர எவரும் இல்லை. ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் நோயுற்ற நாளுக்கு ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்வரை தருகிறது. அந்தத் திட்டத்துக்குள் நுழைய முதலில் ஒருவர் ‘ஊழியர்’ ஆக இருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியின் நினைவில் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. கொச்சித் துறைமுகத்தில் சாப்பா என்று ஒரு முறை இருந்தது. காலையில் கூடிய தொழிலாளர் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசுவார்கள்; முண்டியடித்துக் கைப்பற்றியவருக்கு அன்றைய வேலை. நேற்று காய்ச்சலில் கிடந்தவர், காயம் ஆறாதவர், வயது கூடியவர் எவரும் இன்று வில்லையை எட்டிப் பிடிக்க மாட்டார். அம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. சைது, சைதலவி, அந்தோணி என்ற மூன்று தொழிலாளரின் உயிரை அப்போராட்டம் விலையாகக் கொண்டது. இன்று வில்லை வீசப்படுவதில்லை. இருந்தும், நலிந்த உடலுக்கு அன்றைய கூலி இல்லை என்ற அதன் உள்விதி ஒழிந்துவிட்டதாகச் சொல்ல இயலுமா?

அறுவைக்குப் பின் ஓய்வுக்கு ஈடு கொடுப்பது அரசால் ஆகாத காரியம் என்போர் எர்ணாகுளத்தின் வரலாற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும். 1971 ஜூலையில் மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் தலைமையில் அங்கு நடந்த முகாமில் 63,418 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வந்தவர்களுக்கு ரொக்கமும் பொருள்களும் வழங்கப்பட்டன. 1981 முதல் நடுவண் அரசின் திட்டம் ஒன்று, கருத்தடை அறுவை செய்துகொள்பவரின் கூலி இழப்புக்கு ஈடு என்று வெளிப்படையாகவே பெயரிட்டுப் பணம் தருகிறது. சிறு அறுவை ஓர் ஏழையின் கூலியை விழுங்கும் என்பதை அரசு நாற்பது ஆண்டுகளாக அறிந்தே இருக்கிறது. அந்த அறுவை அரசுக்குத் தேவைப்பட்டபோது அந்த அறிவு செயலுக்கு வந்தது. குடலிறக்கத்திலும் மூல நோயிலும் அந்த அறிவு உறங்குகிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் காப்பீட்டுத் திட்டம், வீடு திரும்பியபின் பதினைந்து நாள் மருந்துக்குக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தப் பதினைந்து நாள் அடுப்பு எரிவதற்குக் கணக்கு இல்லை.

ஆய்வுலகமும் இதில் கைகழுவ முடியாது. சொன்ன நாளுக்கு முன்பே வேலைக்குப் போனவரை ‘அறிவுரையைப் பின்பற்றாதவர்’ என்று அட்டவணையில் ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டுப் பிறகு அவருக்கு விழிப்புணர்வு போதாது என்று முடிவுரை எழுதும் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. கையில் எத்தனை நாள் அரிசி இருந்தது என்று வினாப்படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தால் அந்த முடிவுரை நிற்குமா? விழிப்புணர்வு முகாம் மலிவானது, கூலி ஈடு விலை கூடியது என்பதைத் தவிர அந்தப் பரிந்துரைக்கு வேறு வலு இருப்பதாகத் தெரியவில்லை.

பணம் கொடுத்தால் பொய்யாகப் படுத்துக்கொள்வார்கள் என்ற மறுப்பு எப்போதும் எழும். அறுவைக் காயத்தைப் பொய்யாகக் காட்டுவது அத்தனை எளிதன்று. ஆந்திரப் பிரதேசம் 2019 டிசம்பரில் தொடங்கிய ஆரோக்கிய ஆசரா திட்டம், அறுவைக்குப் பின் மருத்துவர் குறித்த ஓய்வுக் காலத்துக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 ரூபாய் வரை என்று கணக்கிட்டுத் தந்தது. ஆறு வார ஓய்வுக்கு அது ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய். கொச்சியில் ஒரு சுமைதூக்குபவரின் கூலிக்கு இது ஈடாகாது. ஆனால் சீட்டில் ‘ஓய்வு’ என்று எழுதும் கை அதற்கான தொகையையும் சேர்த்தே எழுதியது. கேரளத்தின் நலவாரியமும் காப்பீட்டுத் திட்டமும் இதைச் செய்யத் தொடங்கலாம். மருத்துவர்களும் ‘கனமான பொருள்’ என்பதை விட்டு, நோயாளியின் தொழிலைக் கேட்டு, இத்தனையாம் வாரம் இத்தனை கிலோ என்று எழுதலாம். அந்த எண்ணைக் கொண்டு மேஸ்திரியிடம் பேச முடியும். மூட்டையை இருவர் பிடிக்கவும், எண்ணிக்கை எழுதும் வேலையைச் சில வாரம் கேட்கவும் முடியும். துவைகல்லில் நிற்பவருக்கு அந்த எண்ணும் உதவாது. அவருக்கு முதல் நாளிலிருந்தே தொகைதான் வேண்டும்.