நடிப்பல்ல, உள்மனத்தின் வலி



எக்ஸ்ரே எடுத்தாச்சு, ரத்தம் சோதிச்சாச்சு, ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப் போகிறது, பிரட்டில் மயங்கி விழுகிறார். உடனே "எல்லாம் நடிப்பு" என்கிறோம். இல்லாவிட்டால் "பேய் பிடிச்சிருக்கு" என்று கடன் வாங்கிப் போமோவிடம் ஓடுகிறோம். இரண்டும் தப்பு என்பதே என் கருத்து.

நமக்குத் தெரிந்து நினைப்பது மேல்மனம். தாங்க முடியாத பயம், அவமானம், கோபம் எல்லாம் நமக்கே தெரியாமல் அடியில் போய்க் கிடக்கும் இடம் உள்மனம். அவை செத்துப் போவதில்லை. நீறு பூத்த நெருப்பாகக் கிடந்து உடம்பு வழியாக வெளிப்படலாம். இது ஃபிராய்டு வழி வந்த வைத்தியர்கள் தரும் விளக்கம்.

1880 முதல் 1882 வரை வியன்னாவில் பிராயர் என்ற டாக்டர் ஓர் இளம்பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். நல்ல வெயில் காலத்தில் ஆறு வாரமாக அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பழம் தின்றே தாகம் தீர்த்தாள். ஒரு நாள் டாக்டர் அவளை அரைத்தூக்க நிலையில் பேச வைத்தார். வீட்டுத் துணைப் பெண்மணியின் நாய் கிளாசில் வாய் வைத்துக் குடித்ததைக் கண்டு அருவருத்ததையும், மரியாதைக்காக வாய் திறக்காமல் இருந்ததையும் கொட்டித் தீர்த்தாள். உடனே தண்ணீர் வாங்கிக் குடித்தாளாம். பிராயரும் ஃபிராய்டும் 1895இல் இதைப் புத்தகத்தில் எழுதினார்கள். பேச்சு வைத்தியத்துக்கு வித்து இதுதான். ஆனால் அவள் அதோடு முழுசாகக் குணமாகிவிடவில்லை. பின்னாளில்தான் தேறி, பெண்களுக்காகப் பாடுபட்டாள். ஆகவே இது மந்திரமல்ல, பொறுமை வேண்டும்.

வைத்தியம் எப்படி நடக்கிறது? வாரம் ஒரு தடவை போல, மனசில் வருவதை மறைக்காமல் பேச வேண்டும். அப்பனிடம் அடிபட்டு வளர்ந்தவர் மண்டோர் அதட்டினால் நடுங்குவார். வைத்தியர் முன்னாலும் அதே நடுக்கம் வரும். அவர் அதைச் சுட்டிக்காட்டி, அது எங்கிருந்து வந்தது என்று விளங்க வைப்பார். விளங்க விளங்கப் பிடி தளரும். உள்மனத்தைத் தோண்டாமல், அன்றாட எண்ணங்களை எடைபோட்டுத் திருத்தும் முறையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மனசுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கரை, தைராய்டு, இருதயம் எல்லாம் முதலில் பார்த்தாக வேண்டும். அதற்குப் பிறகும் நோவு தீரவில்லை என்றால், வெட்கப்படாமல் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி இன்னும் கேலி பேசுகிறோமே, அந்தக் கேலிக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை.

கால் ஒடிந்தவனை நடிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. மனசு நொந்தவனுக்கும் அதே நியாயம் வேண்டும். அவனுக்கு எம்.சி. கேட்டு நிற்பதும் நம் சங்கத்தின் வேலைதான்.