திரும்பாத கைப்பிடிக்கு என் ஓட்டு

மாசி மாசம் ஒரு மத்தியானம், எங்க அமுச்சி புதுசா கட்டுன ரூமுக்குள்ள 35 நிமிஷம் மாட்டிக்கிட்டாங்க. யாரும் வெளியில இருந்து பூட்டல. அவங்களும் உள்ள தாழ்ப்பாள் போடல. காத்துக்குக் கதவு தானா சாத்துச்சு, லேட்ச் தானா விழுந்துச்சு, அவ்வளவுதான். உள்ள இருந்து கைப்பிடியை அழுத்துனா அது சும்மா கீழ போய் மேல வருது. கைப்பிடிக்கும் லேட்சுக்கும் நடுவுல இருக்கிற சதுரக் கம்பி, அதான் ஸ்பிண்டில், வழுக்கிப் போயிருந்தது. போட்டு எட்டு மாசம்கூட ஆகல. அம்மா கம்பெனியில, அப்பா பல்லடத்துல, நான் லேப்ல. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்து, கார்பெண்டர் அண்ணனுக்கு போன் பண்ணி, அவர் வந்து உளியைக் கொடுத்து நெம்பித்தான் திறந்தாங்க.

அன்னிக்கு ராத்திரியே அப்பா தீர்ப்பு சொல்லிட்டார்: எல்லா ரூம் கைப்பிடியையும் மாத்தணும். ஹார்டுவேர் கடைக்காரர் போன்ல அனுப்பின படங்கள்ல அவர் தேர்ந்தெடுத்தது 'டம்மி ஹேண்டில்'. பேரைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்தது. காசு கொடுத்து டம்மியை வாங்குவாங்களா? ஆனா இந்த மூணு மாசத்துல என் கருத்து மாறிடுச்சு. வீட்டு வேலை நடக்கிற எல்லாருக்கும், அதாவது நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு, இதைச் சொல்லணும்னு தோணுது.

டம்மி ஹேண்டில் என்றால் லேட்சோடு எந்தத் தொடர்பும் இல்லாத கைப்பிடி. திரும்பாது, அழுந்தாது. கதவை இழுப்பதற்கு மட்டும்தான். அதனால் அதை எந்த வடிவத்திலும் வார்க்கலாம்: வளையம், கொடி, மயில், யானைத் தும்பிக்கை. கடையில் 'டெக்கரேட்டிவ்' என்று தனி வரிசையில் இருப்பதில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இதில் புதுசு எதுவும் இல்லை என்பது யோசித்தால் தெரியும். நம் பழைய கதவுகள் எதிலாவது திரும்பும் கைப்பிடி பார்த்திருக்கிறீர்களா? செட்டிநாட்டுத் தேக்குக் கதவில் இழுக்க ஒரு பித்தளை வளையம், அடைக்க ஒரு சங்கிலியும் நாதாங்கியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளிலிருந்து வந்த அந்த வளையங்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. சாதாரண ஓட்டு வீட்டிலும் அதே கதைதான்: வெளியே கொண்டி, உள்ளே தாழ்ப்பாள், பூட்ட வேண்டுமென்றால் தனியாக ஒரு திண்டுக்கல் பூட்டு. (அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) இழுப்பது ஒரு வேலை, அடைப்பது இன்னொரு வேலை, பூட்டுவது மூன்றாவது வேலை. ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் நிற்காது. நாம் படிக்கிற டிசைன் பாடத்தில் ஒரு பாகத்தின் பழுது அடுத்த பாகத்துக்குத் தாவாமல் இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது எங்க அமுச்சியின் பழைய வீட்டுக் கதவில் இருந்தது. எங்கள் புது ரூம் கதவில் இல்லை.

இரண்டாவது காரணம் எங்கம்மா. கம்பெனி முடிந்து வந்தும் வீட்டில் பிசிர் வெட்டும் வேலை இருக்கும். இரண்டு கையிலும் பீஸ் கட்டு. லேட்ச் போட்ட கதவு என்றால் கட்டைக் கீழே வைத்து, கைப்பிடியை அழுத்தி, காலால் கதவைப் பிடித்து, மறுபடி குனிந்து எடுக்க வேண்டும். லேட்ச் இல்லாத கதவு என்றால் தோளால் ஒரு தள்ளு. இன்னொன்றும் உண்டு, இது நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் புரியும். அழுத்துகிற கைப்பிடியின் நீட்டிய நுனி, பனியன் துணியின் லூப்பில் மாட்டி நூலை இழுத்துவிடும். நெய்த துணியை விடப் பின்னல் துணியில் இது ரொம்ப மோசம். ஒரு லூப் இழுபட்டால் அந்த வரிசையே சுருங்கிப் போகும். அம்மா அப்படி ரெண்டு பீஸை ரிஜெக்ட்டில் விட்டதுக்கு எங்கள் வீட்டு ஹால் கதவுதான் காரணம். கதவுப் பக்கமே வளைந்து திரும்பும் கைப்பிடியை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது அப்பாவோடு நான் போட்ட சண்டைக்கு வருகிறேன். அவர் முதலில் தேர்ந்தெடுத்த டம்மி, பார்க்க அச்சு அசலாக அழுத்துகிற லீவர் மாதிரியே இருந்தது. நல்ல ஆன்டிக் பினிஷ், அழகான பூவேலை. சாம்பிளை ஒரு கதவில் மாட்டிப் பார்த்தோம். அமுச்சி வந்தாங்க, பிடிச்சாங்க, அழுத்துனாங்க. அசையல. இன்னும் பலமா அழுத்துனாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க: "ஏன் கண்ணு, மறுபடியும் மாட்டிக்கிச்சா?" அந்த முகத்தைப் பார்த்த பிறகும் அதே மாடலை வாங்குவது சரியில்லை என்றேன். அப்பா, "ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார்.

பழகாதுங்க. டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்கர் 1988-ல் எழுதிய புத்தகத்தால், தள்ளுவதா இழுப்பதா என்று குழப்புகிற கதவுகளுக்கே 'நார்மன் கதவு' என்று பெயர் வந்துவிட்டது. ஒரு பொருளின் வடிவமே அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும், எழுதி ஒட்ட வேண்டிய நிலை வந்தால் வடிவம் தோற்றுவிட்டது என்பது அவர் கட்சி. நம் லேப் வாசலையே பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீளக் கம்பி, நடுவில் 'புஷ்' என்று ஒரு ஸ்டிக்கர். நாலு வருஷமா எல்லாரும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அழுத்து என்று சொல்லிவிட்டு அழுந்தாத கைப்பிடி அதைவிடப் பெரிய பொய். ஆகவே டம்மி வாங்குங்கள், ஆனால் டம்மி என்று முகத்திலேயே தெரிகிற டம்மியை வாங்குங்கள்: வளையம், வில் மாதிரி வளைந்த பிடி, நேர்க் கம்பி. தள்ளுகிற பக்கத்தில் பிடியே வேண்டாம், ஒரு பித்தளைத் தகடு போதும்.

லேட்ச் இல்லாவிட்டால் கதவு எப்படி மூடி நிற்கும்? இதுதான் நம் பகுதியில் உண்மையான பிரச்சனை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, பல்லடம் வரை காற்றாலைகளைச் சுற்றுகிறது, அப்படியே நம் வீட்டுக் கதவுகளையும் அடிக்கிறது. அம்மி பறக்கிறதோ இல்லையோ, பிடிமானம் இல்லாத கதவு நிலையில் மோதிச் சுவரில் விரிசல் விடும். அதற்கு பால் கேட்ச் போட வேண்டும். கதவின் மேல் விளிம்பில் ஸ்பிரிங் வைத்த ஒரு குண்டு, நிலையில் ஒரு பள்ளம். கதவு பள்ளத்தில் உட்காரும், இழுத்தால் விடும். காந்த கேட்சும் உண்டு, ஆனால் கனமான கதவை ஆடிக்காற்றில் பிடிக்க எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

கேட்ச் எவ்வளவு இறுக்கம் இருக்கலாம்? ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசை எடுத்து எங்கள் கதவை இழுத்துப் பார்த்தேன். கார்பெண்டர் அண்ணன் வைத்தபடி 3.5 கிலோ காட்டியது. அமுச்சி இரண்டு கையாலும் இழுத்தாங்க. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள், ஒரு கையால், இறுக்கிப் பிடிக்காமல், மணிக்கட்டைத் திருகாமல், 22 நியூட்டனுக்குள், அதாவது ஏறக்குறைய 2.2 கிலோவுக்குள் இயக்க முடிய வேண்டும் என்கின்றன. கனடாவின் வான்கூவர் நகரம் 2014-லிருந்து புது வீடுகளில் உருண்டைக் குமிழுக்குப் பதில் லீவர்தான் வைக்க வேண்டும் என்று விதித்ததும் இதே காரணத்தால்தான், வயதான கைகள். பால் கேட்சில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி நான் 1.5 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். காற்றுக்கும் தாங்குது, அமுச்சிக்கும் தாங்குது.

இன்னொரு சின்னக் கணக்கு. படங்களில் கைப்பிடியைக் கதவின் நட்டநடுவில் வைத்திருப்பார்கள், பார்க்க அழகுதான். 80 சென்டிமீட்டர் கதவில் கேட்ச் ஓரத்தில் இருக்க, கைப்பிடி 40-ல் இருந்தால், இழுக்க வேண்டிய விசை இரண்டு மடங்கு. முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ். கீலில் இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். விரல் நுழைய, கதவுக்கும் பிடிக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டராவது இருக்கட்டும். பல டெக்கரேட்டிவ் பிடிகள் இதில்தான் தோற்கின்றன.

எந்த உலோகம்? 'பித்தளை' என்று விற்கிறதில் பல, துத்தநாகக் கலவையை வார்த்து மேலே முலாம் பூசியவை. காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பைக் கண்டுபிடிக்கலாம், துத்தநாகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அப்பா வாங்கிவந்த சாம்பிளை அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாலீஷ் போடுகிற அண்ணன் கையில் வாங்கி எடை பார்த்தார், அடிப்பக்கம் ஸ்க்ரூ ஓட்டையில் அரத்தால் ஒரு கீறல். வெள்ளையாகத் தெரிந்தது. "மேலதானுங்க தங்கம், உள்ள ஈயம் கணக்கா" என்றார். ஈயம் இல்லை, ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி. தலைமுறையாகப் பித்தளையும் செம்பும் அடிக்கிற ஒரு ஊரை நகரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நாம் போனில் படம் பார்த்து முலாம் வாங்குகிறோம்.

நம் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாயக்கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போனது. எங்கள் பகுதி போர் தண்ணீரில் இன்றும் உப்பு. அதில் கழுவிய ஈரக் கையோடு தினம் பிடிக்கிற முலாம், ஒரு வருஷத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 202 வேண்டாம், 304 கேளுங்கள். அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கெட்டிப் பித்தளை கறுக்கும்தான், புளி போட்டுத் தேய்த்தால் திரும்பி வரும். உரிந்த முலாம் திரும்பி வராது.

மாட்டுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பழைய லாக் இருந்த ஓட்டையை மறைக்கிற அளவுக்கு அகலமான தகடோடு வருகிற பிடியை எடுத்தால் கதவை மாற்ற வேண்டாம். பிளஷ் டோரில் வெறும் மர ஸ்க்ரூ நிற்காது, மறுபக்கம் வரை போல்ட் விடச் சொல்லுங்கள். பிவிசி கதவில் கனமான பித்தளையை மாட்டவே மாட்டாதீர்கள்.

எல்லாக் கதவுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், அதுவும் அவசரத்துக்கு வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்கிற வகை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் பேரமே கிடையாது. வாசல் கதவில் அலங்காரப் பிடி இருக்கட்டும், கூடவே நல்ல லாக். கம்பெனி மாடிப்படியில் இருக்கிற தீத்தடுப்புக் கதவில் டம்மி கூடவே கூடாது. அது தானாக மூடி லேட்ச் விழ வேண்டும், உள்ளே இருப்பவர் ஒரே தள்ளில் வெளியே வர வேண்டும். 1911 மார்ச் 25-ல் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியில் 146 பேர் இறந்தார்கள். அவர்கள் ஓடிய கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. தைக்கிற தொழிலில் இருக்கிற நாம் அதை மறக்கக் கூடாது.

கடைசியில் எங்கள் வீட்டில் மூன்று ரூமுக்கு வில் வடிவப் பித்தளைப் பிடி முடிவாகிவிட்டது. அப்பாவின் பூவேலை லீவர் பீரோ ரூமில் ஒன்றே ஒன்று போகிறது, சமாதானத்துக்காக. அமுச்சி ரூமுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அவங்களுக்குத் தொங்குகிற வளையம்தான் வேணுமாம். ஆடிக்கொண்டே இருக்கும், சத்தம் போடும் அமுச்சி என்றேன்.

"அதுக்குத்தான் கண்ணு கேக்கறேன். நைட் ஷிப்ட் முடிச்சு உங்கம்மா வந்து எட்டிப் பாக்கறப்ப எனக்குத் தெரியோணுமல்ல."

வளையம் அனுப்பர்பாளையத்தில் வார்க்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கிக்கலாம்னு சொல்லியிருக்காங்க.