கடற்கரைக் கட்டுரையும் கடன்வாங்கிய பருவமும்

'கடற்கரையில் ஒரு நாள்' என்னும் தலைப்பு தமிழ்ப்பள்ளி மாணவர்க்குப் புதிதன்று. ஆண்டுதோறும் அது கரும்பலகையில் எழுதப்படுகிறது. ஆண்டுதோறும் ஒரே கட்டுரை திரும்பி வருகிறது. பேருந்து புறப்படும், சிறுவர் மணல்வீடு கட்டுவர், சுண்டல் விற்போன் வருவான், செங்கதிரோன் கடலில் மூழ்குவான், அனைவரும் மட்டற்ற மகிழ்ச்சியுடன் வீடு திரும்புவர். பருவத்தையும் சேர்த்தெழுதச் சொன்னாலோ, குளிர்நாட்டு இலையுதிர் காலம் வந்து நிற்கும். இவற்றுள் எழுதியவன் கண்ணால் கண்டது எது?

குவாந்தான் மாணவனும் கதிரவன் கடலில் மறைந்ததாகவே எழுதுகிறான். தென்சீனக் கடல் அவனுக்குக் கிழக்கே கிடக்கிறது. அங்கே கதிரவன் கடலில் எழுவான். நிலத்தின் பக்கம் மறைவான். கடலில் மறைவதைக் காண வேண்டின் மலாக்கா நீரிணைக் கரையிலுள்ள போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ வரவேண்டும். சுண்டல்காரனைச் சென்னை மெரினாவிலிருந்து கடன்வாங்கியோர், அந்த மெரினாவும் கீழைக்கரையே என்பதை மறந்தனர். கடன்வாங்கிய காட்சி, கடன் கொடுத்த ஊருக்கும் பொருந்தவில்லை!

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அதனைப் பாடமாக நடத்தும் வகுப்பறையிலேயே பொய்யான நிலமும் பொய்யான பொழுதும் பிழையெனத் திருத்தப்படாமல் போவது முறையாகுமா?

மலேசியாவில் பருவம் இல்லையெனக் கூறுவதும் அறியாமையே. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதையும் அப்போது பால் குறைவதையும் தோட்டத் தமிழர் உழைத்து அறிந்தனர். கடலோரத்தில் மலாய்க்காரர் கெத்தாப்பாங் என வழங்கும் நாட்டு வாதுமையின் இலைகள் சிவந்து உதிர்கின்றன. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கீழைக்கரை சீறுகிறது. நடுமலைத்தொடரின் மறைவிலுள்ள மேலைக்கரையோ அத்துணைச் சீற்றம் அறியாதது. ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் பண்டைத் தமிழர் கூதிர் என்றனர். அக்கூதிரில், மழைவிட்ட ஒரு காலைப்பொழுதில், மோரிப் கரையில் அமைதியாக அமர்ந்து பார்க்கட்டும். நீர் வற்றிய சேற்றுவெளி நெடுந்தூரம் விரியும். காலடி ஓசைக்கு வளைக்குள் ஒடுங்கிய நண்டு, ஓசை அடங்கியதும் மெல்ல வெளிவரும். நெய்தற் புலவர் பாடிய அலவன் இதுதான் என்று அப்போதன்றோ மாணவன் உணர்வான்! கடற்கரை இன்பம் என்பது ஆரவாரத்தில் மட்டும் இல்லை. இருந்து பார்க்கும் பொறுமையிலும் உண்டு.

"பாடம் செய்த சொற்றொடர்களே மாணவனுக்கு ஊன்றுகோல், அவையின்றேல் புள்ளிகள் குறையும்" என்பர் சிலர். ஊன்றுகோல் நடை பழகும்வரை தேவையே. ஆயின், நடக்கவே விடாத கோல் ஊன்றுகோல் அன்று, விலங்கு. "கடலையே காணாத பிள்ளை என் செய்வான்?" என்பர் வேறு சிலர். அவனுக்குத் தலைப்பை மாற்றிக் கொடுப்பதே அறம். வீட்டருகே ஓடும் கால்வாயை அவன் எழுதட்டும்.

கண்டதை வேற்றுமொழியில் பேசி, காணாததைத் தமிழில் ஒப்புவிக்கும் தலைமுறைக்குத் தமிழ் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும். மாதிரிக் கட்டுரை ஏடுகளை ஆசிரியர் மூடிவைக்கட்டும். மாணவரைக் கரைக்கு அழைத்துச் செல்லட்டும். திருந்தாத நடையில் எழுதினாலும், தான் கண்ட நண்டை எழுதியவனுக்கே முதற்பரிசு உரியது.