எர்த் பின்னை உடைக்கிறவனுக்கு ரெண்டு ஆம்ப் எதுக்கு?

டிஸ்கி: கிடார் வாசிக்காத மக்களும் தைரியமா படிக்கலாம். பாதிக்கு மேல கரண்ட் சமாச்சாரம்தான். போரடிச்சா பின்னூட்டத்துல திட்டிட்டுப் போங்க, கோச்சுக்க மாட்டேன் :-)

ரெண்டு ஆம்ப்புக்கு நடுவுல மாத்தி மாத்தி வாசிக்க எந்தப் பெடல் வாங்கலாம்னு நம்ம கிடார் மக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. "ட்ரூ பைபாஸா பார்த்து வாங்கு மச்சி, டோன் கெடக்கூடாது"ன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பாங்க. சரிப்பா, ரெண்டையும் மாட்டினா 'ங்ங்ங்...'னு ஒரு இரைச்சல் வருதே, அதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டா அசால்ட்டா பதில் வரும்: "ஒரு ஆம்ப்போட எர்த் பின்னை எடுத்து விட்ரு, போயிடும்."

ஆமாய்யா, போயிடும். இரைச்சலும் போயிடும், நேரம் சரியில்லைன்னா வாசிக்கிறவனும் போய்ச் சேர்ந்துடுவான்.

இப்படி யோசனை சொல்றவங்க மேல இருக்கிற கடுப்புதான் இந்தப் பதிவு. பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு, லீவுக்கு வேலூர்ப் பக்கம் வந்து கச்சேரியில கிடாரோட நிக்கிற ஆள் நான். நாலு வருஷம் என்ஜினியரிங் படிச்சதுல உருப்படியா ஞாபகம் இருக்கறது ஓம் விதி ஒண்ணுதான். இந்தப் பதிவுக்கு அது போதும்.

முதல்ல இரைச்சல் ஏன் வருதுன்னு பார்ப்போம். ஒவ்வொரு ஆம்ப்போட இரும்புக் கூடும் மூணாவது பின் வழியா எர்த்துக்குப் போகுது. கிடார் கேபிளுக்குள்ள நடுவுல ஒரு வயர், அதைச் சுத்தி வலை மாதிரி ஷீல்டு. அந்த ஷீல்டு ஆம்ப்போட கூட்டுல போய்ச் சேருது. ரெண்டு ஆம்ப்பை ஒரே பெடல்ல மாட்டினா ரெண்டு ஷீல்டும் பெடலுக்குள்ள கைகோத்துக்கும். இப்ப சுவத்து எர்த், முதல் ஆம்ப், பெடல், ரெண்டாவது ஆம்ப், மறுபடி சுவத்து எர்த்னு ஒரு வளையம் ரெடி. நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதுல சுத்த ஆரம்பிக்கும். அதைத்தான் ஸ்பீக்கர் பாடுது.

இன்னொரு விஷயம் கவனிங்க. சாதாரண ஏ/பி பெடல்கள் பெரும்பாலும் நடு வயரை மட்டும்தான் மாத்தும். ஷீல்டு ரெண்டும் எப்பவும் சேர்ந்தே இருக்கும். அதனால ஒரே ஆம்ப்பை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் இரைச்சல் போகாது. ட்ரூ பைபாஸுக்கும் இதுக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது.

எர்த் பின்னை உடைச்சா வளையம் அறுந்துடும், இரைச்சல் நின்னுடும், வாஸ்தவம். ஆனா அந்தப் பின் இருக்கறது இரைச்சலுக்காக இல்லையே! மூணு பின் பிளக்குல எர்த் மட்டும் ஏன் நீளமா, தடிமனா இருக்கு? சொருகும்போது முதல்ல அது சேரணும், உருவும்போது கடைசியா அது பிரியணும். ஆம்ப்புக்குள்ள லைவ் வயர் அறுந்து கூட்டுல பட்டா, எர்த் வழியா பெரிய கரண்ட் பாஞ்சு ஃபியூஸ் போயிடும். நீங்க பிழைச்சீங்க.

பின் இல்லைன்னா? அந்தக் கரண்ட்டுக்கு இருக்கற ஒரே வழி உங்க கிடார் கேபிளோட நூல் மாதிரி ஷீல்டு, அது வழியா அடுத்த ஆம்ப்போட எர்த். அடுத்த ஆம்ப்போட கேபிள் லேசா கழண்டா அதுவும் போச்சு. கிடார் கம்பிகள் அந்த ஷீல்டோடதான் சேர்ந்திருக்கு. அதாவது உங்க கையில இருக்கற ஆறு கம்பியும் 230 வோல்ட். மைக் மிக்ஸர் வழியா எர்த் ஆகியிருக்கும். கோரஸ் பாட வாயை மைக்ல வைக்கறீங்க. கை வழியா ஏறி, நெஞ்சைக் கடந்து, உதட்டு வழியா இறங்கும்.

ஈர உடம்பை ஆயிரம் ஓம்னு வெச்சுக்குவோம். 230 வகுத்தல் 1000. 230 மில்லி ஆம்பியர். ஆளைக் காப்பாத்த வீட்டுல மாட்டற ஆர்.சி.சி.பி 30 மில்லி ஆம்பியருக்கே கட் ஆகற மாதிரி செஞ்சிருக்காங்க. ஆம்ப்ல இருக்கற 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு நீங்க துடிக்கறதே தெரியாது.

பூச்சாண்டி காட்டறேன்னு நினைக்கறவங்களுக்கு: 1972 மே 3-ம் தேதி, ஸ்வான்சீ நகர மேடையில ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு செத்துப் போனார். வயசு 27. அதுக்கு முன்னாடி 1965 டிசம்பர்ல, சாக்ரமென்டோ மேடையில கீத் ரிச்சர்ட்ஸோட கிடார் மைக் ஸ்டாண்டுல பட்டு ஆள் மயங்கி விழுந்தார். தடிமனான ரப்பர் சோல் ஷூதான் காப்பாத்துச்சுன்னு சொல்வாங்க.

இங்கதான் நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன். ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு உலகத்துக்கே ஷூ செஞ்சு அனுப்பற வட்டாரம் எங்களோடது. ஆனா மேடை ஏறும்போது என்ன பண்ணுவோம்? செருப்பைக் கீழ கழட்டிட்டு, மேடையைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வெறுங்காலோட ஏறுவோம். கீத் ரிச்சர்ட்ஸுக்கு இருந்த சோல் நமக்குக் கிடையாது.

அமிர்தின்னா வெளியூர்க்காரங்களுக்கு ஜவ்வாது மலை அடிவாரம், 1967-ல ஆரம்பிச்ச உயிரியல் பூங்கா, மழைக்கு அப்புறம் அருவி. எங்களுக்கு அந்தப் பக்கத்துத் திருவிழாக் கச்சேரியும் சேர்த்தி. அப்படி ஒரு மேடை. ஜெனரேட்டர் கரண்ட். சாயங்காலம் தூறல் போட்டதுல ஜமுக்காளம் சொதசொதன்னு இருந்துச்சு. ரெண்டு ஆம்ப்பையும் போட்டதும் இரைச்சல். மைக் செட் அண்ணன் பேசாம கட்டிங் பிளையரை எடுத்தார். வேணாம்ணேன்னேன். "இருபது வருஷமா இதான் தொழில் தம்பி, ஒண்ணும் ஆகல"ன்னார். எங்க குழு ஆளுங்களும் "லேட்டாகுதுடா, விடேன்"னு அவர் பக்கமே சாஞ்சாங்க. நான் ஒத்துக்கல. ஒரே ஆம்ப்ல, பாதி சவுண்டுல வாசிச்சு முடிச்சேன். இறங்கினதும் கிடைச்ச பட்டம் 'பயந்தாங்கொள்ளி'. இருந்துட்டுப் போறேன்.

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல"ங்கறது ஒரு வாதமா சாமி? ஹெல்மெட் போடாதவன் சொல்றதும் இதேதான். ஒண்ணும் ஆகாதவன்தானே வந்து சொல்ல முடியும்?

சரி, திட்டினது போதும். பெடல் வாங்கப் போறவங்க பார்க்க வேண்டியது:

1. ரெண்டு ஆம்ப்பையும் தனித்தனியா மாட்டிப் பாருங்க. தனியா அமைதி, சேர்ந்தா இரைச்சல்னா அது எர்த் வளையம்தான். தனியாவே இரைஞ்சா பிரச்சினை வேற.

2. ஒரு அவுட்புட்லயாவது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கான்னு முதல்ல கேளுங்க. சிக்னல் காந்தப் புலம் வழியா தாண்டும், ஷீல்டு சேராது. வளையம் அறுந்துடும், ஆனா ரெண்டு ஆம்ப்போட எர்த் பின்னும் பத்திரமா இருக்கும். ரேடியல் பிக்‌ஷாட் ஏபிஒய் மாதிரி பெடல்கள்ல இது இருக்கு. ஏற்கெனவே வேற பெடல் வெச்சிருந்தா, ஒரு ஆம்ப்புக்கு முன்னாடி தனி டிரான்ஸ்ஃபார்மர் டப்பா போட்டாலும் வேலை நடக்கும்.

3. பாஸ் எல்.எஸ்-2 அருமையான பெடல். எஃபெக்ட் வரிசைகளை மாத்த சூப்பர். ஆனா அதுல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பேரைப் பார்த்து ரெண்டு ஆம்ப்புக்கு வாங்கிட்டு அப்புறம் புலம்பாதீங்க.

4. ரெண்டு ஆம்ப்பும் ஒரே நேரத்துல வேணும்னா பஃபர் இருக்கறது நல்லது. ஒரு மெகா ஓம் இன்புட் ரெண்டு சேர்ந்தா பிக்கப்புக்கு அரை மெகா ஓம்தான் தெரியும். மேல் சுருதி மங்கும்.

5. ரெண்டும் சேர்ந்து வாசிக்கும்போது சத்தம் கூடாம சோகையா கேட்டா, ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குதுன்னு அர்த்தம். போலாரிட்டி மாத்தற சுவிட்ச் இருக்கற பெடலா பாருங்க.

6. ஒரே ஆம்ப்ல கிளீன், டிஸ்டார்ஷன்னு சேனல் மாத்தறதுதான் தேவைன்னா இந்த வம்பே வேணாம். அந்த ஆம்ப்புக்கான ஃபுட்சுவிட்ச் போதும். மிதிச்சா நிக்கிற ரகமா, தொட்டு விடற ரகமான்னு மட்டும் மேனுவல்ல பார்த்துக்குங்க.

"காசு யார் தருவா?"ன்னு கேக்கறவங்களுக்கு. கிடாருக்கு இ.எம்.ஐ கட்டறோம், கம்பிக்கு வெளிநாட்டு பிராண்ட் பேர் சொல்லித்தான் வாங்கறோம். உயிர் போற சமாச்சாரத்துல மட்டும் கட்டிங் பிளையர்! நிஜமாவே காசு இல்லைன்னா, ரெண்டு ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகிப் பாருங்க, இரைச்சல் குறைய வாய்ப்பு உண்டு. அப்பவும் குறையலைன்னா ஒரே ஆம்ப்ல வாசிங்க. கீழ உக்காந்திருக்கற தாத்தாவுக்கு உங்க ரெண்டாவது ஆம்ப்போட டோன் தெரியப் போறதில்லை :-)

அடுத்த தடவை யாராவது பிளையரோட வந்தா சண்டை போடுங்க. கச்சேரி பத்து நிமிஷம் லேட்டானா யாரும் சாக மாட்டாங்க.

பி.கு: ரெண்டு பின் எல்லாமே வில்லன்னு அர்த்தமில்லை. பெடல் அடாப்டர்ல, சில கீபோர்டுல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருக்கும். அதெல்லாம் எர்த் தேவைப்படாம செஞ்சது. மூணு பின்னோட வந்ததை ரெண்டாக்கறதைத்தான் வேணாங்கறேன்.