பலூன் தூக்கிய வீடும் ரெக்கார்டு நோட்டும்

2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு வீடு பறந்தது. 'அப்' படத்துக் கிழவர் பலூன்களைக் கட்டி வீட்டோடு கிளம்பியதை நிஜத்தில் செய்து பார்க்க, நேஷனல் ஜியாகிரஃபிக் குழு 16 அடி அகலத்தில் இலேசான வீடு ஒன்றைக் கட்டியது. 300 வானிலை பலூன்களில் ஹீலியம் நிரப்பியதும் வீடு 10,000 அடிக்கு மேல் ஏறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிதந்தது.

பலூன் எவ்வளவு தூக்கும் என்ற கணக்கைப் பள்ளி ஆய்வகத்திலேயே போடலாம். ஹீலியம் நிரப்பிய ஒரு பலூன், நூல், டிஜிட்டல் தராசு, ஒரு டப்பா ஜெம் கிளிப் போதும். நூலில் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பலூன் ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நிற்கும். மாட்டிய கிளிப்பும் நூலும் சேர்ந்த எடைதான் அது தூக்கும் சுமை.

ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், ஹீலியம் 0.17 கிராம். ஆக, லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் தூக்கலாம். 30 செ.மீ. விட்டமுள்ள பலூன் 14 லிட்டர் பிடிக்கும். ரப்பரின் எடை 3 கிராம் என்று வைத்துக் கழித்தால் மிச்சம் 11 கிராம். 50 கிலோ மாணவரைத் தூக்க 4,500 பலூன்களுக்கு மேல் வேண்டும்!

அதே பலூனை 15 செ.மீ. மட்டும் ஊதினால்? பாதிச் சுமை என்றுதான் வகுப்பே சொல்லும். ஆனால் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். தன் ரப்பரையே தூக்க முடியாமல் பலூன் மேசையில் கிடக்கும். ஆர்க்கிமிடீஸ் விதியை நூறு முறை ஒப்பிப்பதைவிட அதை ஒரு முறை பார்ப்பது மேல்.

சிக்கல் நம் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. 11 வர வேண்டிய இடத்தில் 9 வந்தால், மாணவர் பக்கத்து நோட்டைப் பார்த்து 11 என்று எழுதிவிடுவார், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். உண்மையில் அந்த 2 கிராமில்தான் இயற்பியல் இருக்கிறது. பலூன் சரியான உருண்டை அல்ல. சுற்றளவை நூலால் அளந்ததில் பிசகு இருக்கலாம். மதிய வெக்கையில் காற்றின் அடர்த்தியும் குறையும். செய்முறைத் தேர்வில் விடைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது, விடை ஏன் பிசகியது என்று எழுதுபவருக்குக் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று திருவிழா பலூனை வாங்கி வந்துவிடக் கூடாது. அதில் ஹைட்ரஜன் இருக்கலாம். ஹீலியத்தின் எடையில் பாதிதான் என்றாலும் அது கூடுதலாகத் தூக்குவது 8 சதவீதம் போல. தள்ளப்படும் காற்றின் எடைதானே தூக்குகிறது! அந்த 8 சதவீதத்துக்காக, பர்னர் எரியும் ஆய்வகத்துக்குள் தீப்பிடிக்கும் வாயுவைக் கொண்டுவருவது முட்டாள்தனம்.