வாசிக்காமல் விட்ட இடங்கள்: ஆண்டி ஃப்ரேசரை முன்வைத்து

ராக் இசையைப் பற்றி எழுதுபவர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. குரலுக்கு ஒரு பக்கம், கிதாருக்கு மூன்று பக்கம், டிரம்ஸுக்கு ஒரு பத்தி. பேஸ் கிதாருக்கோ அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர். தப்பித்தவறி ஒரு பேஸ் கலைஞரைப் பாராட்ட நேர்ந்தால், அவர் எவ்வளவு வேகமாக, எத்தனை ஸ்வரங்களை வாசித்தார் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அதாவது, கிதார் கலைஞரைப் போல நடந்துகொண்டால்தான் அவரும் கலைஞர். இந்த அளவுகோலை நாம் ஏற்க வேண்டியதில்லை. 'ஃப்ரீ' குழுவின் ஆண்டி ஃப்ரேசர் ஒருவரே அதற்குப் போதுமான மறுப்பு.

1952இல் லண்டனில் பிறந்தவர் ஃப்ரேசர். பிரிட்டிஷ் ப்ளூஸின் மூத்தவரான அலெக்ஸிஸ் கார்னரின் பரிந்துரையால், 1968இல், தம் பதினைந்தாம் வயதில் ஜான் மேயாலின் குழுவில் வாசித்தார். அங்கே நீடித்தது சில வாரங்களே. அதே ஆண்டில் பால் ராட்ஜர்ஸ், பால் கோசாஃப், சைமன் கர்க் ஆகியோருடன் 'ஃப்ரீ' உருவாயிற்று. அந்தப் பெயரைச் சூட்டியவரும் கார்னரே. நால்வரில் இளையவர் ஃப்ரேசர். ஆனால் குழுவின் பெரும்பாலான பாடல்களை ராட்ஜர்ஸும் அவரும் சேர்ந்தே எழுதினார்கள். இந்தச் செய்தியைத் தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். நமக்கோ அவருடைய வாசிப்பைத் திறக்கும் சாவியே இதுதான்.

1970இல் வெளிவந்த 'ஆல் ரைட் நவ்' பாடலை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் அமெரிக்காவில் நான்காம் இடத்தையும் பிடித்த பாடல். கேட்டவர்கள் எண்ணற்றோர், ஆனால் அதன் சரணங்களில் பேஸ் கிதாரே இல்லை என்பதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? குரல், கிதார், டிரம்ஸ் மட்டுமே ஒலிக்கின்றன. பல்லவி வரும்போதுதான் பேஸ் நுழைகிறது. நுழைந்ததும் பாடலுக்குத் தரை கிடைத்துவிடுகிறது. பின்னர் கோசாஃபின் கிதார் தனித்து எழும்போது, அதற்குக் கீழே உடன் வாசிக்க வேறொரு கிதார் கிடையாது. ஃப்ரேசரின் சுழலும் சிறு பேஸ் தொடர் ஒன்றே அந்தத் தனி வாசிப்பைத் தாங்கி நிற்கிறது. பாடலை எழுதியவர்களுள் ஒருவர், தம் வாத்தியத்தைத் தாமே பாதிப் பாடலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார். தன்னைக் காட்டிக்கொள்ளத் துடிப்பவர் செய்யும் காரியமா இது?

யாப்பு பயின்றவர்களுக்கு இதில் வியப்பில்லை. சீர்களை எண்ணிவிடலாம், இரு சீர்களுக்கிடையே நிற்கும் தளையைத் தனியே பிடுங்கிக் காட்ட இயலாது. வெண்பாவில் தளை தட்டினால் மட்டும் காது உடனே சொல்லிவிடும்.

இங்கே ஜாக் புரூஸை எதிரே நிறுத்துவார்கள் என்பதை அறிவோம். 'க்ரீம்' குழுவில் எரிக் கிளாப்டனின் கிதாருக்கு ஈடாகத் தம் பேஸைப் பேசவைத்தவர் அவர். செல்லோ பயின்றவர், மாபெரும் கலைஞர். அதில் நமக்கு ஐயமில்லை. அவரும் ஃப்ரேசரும் வாசித்தது ஒரே வகை வாத்தியம் என்பதே நாம் சொல்ல வருவது. இருவருக்கும் பெயர் தந்தது கிப்சன் நிறுவனத்தின் ஈபி-3. ஒருவர் இடைவெளிகளை நிரப்பினார். மற்றவர் இடைவெளிகளை உண்டாக்கினார். முதலாவதை மேதைமை என்றும் இரண்டாவதை அடக்கம் என்றும் பெயரிடுவது விமர்சனம் ஆகாது; எண்ணிக்கைக் கணக்கு. ஃப்ரேசருக்கு வாசிக்கத் தெரியாமலும் இல்லை. 'ஃபயர் அண்ட் வாட்டர்' தொகுப்பில் உள்ள 'மிஸ்டர் பிக்' பாடலின் உச்சத்தில் முன்னே வந்து நிற்பது பேஸ்தான். தேவைப்பட்ட இடத்தில் பேசினார். தேவையற்ற இடத்தில் வாய்மூடினார்.

இன்னொரு வாதமும் உண்டு. ஃப்ரேசர் 1972இல் விலகிய பின்னும் 'விஷிங் வெல்' பாடல் 1973இல் பிரிட்டனில் வெற்றி பெற்றதே, அப்படியானால் அவர் இன்றியமையாதவரா என்பார்கள். அது நல்ல பாடல்தான். ஆனால் அந்தக் காலகட்டத்தில் பேஸுக்கு டெட்சு யமாவுச்சியும் கீபோர்டுக்கு ஜான் பண்ட்ரிக்கும் சேர்க்கப்பட்டார்கள். கோசாஃபின் உடல்நலக் கேடும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் காது பொய் சொல்லாது: பழைய 'ஃப்ரீ'யின் வெற்றிடங்கள் அங்கே நிரப்பப்பட்டுவிட்டன. பாடல் வென்றது, குழுவின் தனித்தன்மை போயிற்று. தரவரிசை முதலாவதைத்தான் பதிவுசெய்யும்.

அதன்பின் ஃப்ரேசர் பெரும்பாலும் பாடலாசிரியராகவே அறியப்பட்டார். 1978இல் ராபர்ட் பால்மர் பாடிப் புகழ்பெற்ற 'எவ்ரி கைண்டா பீப்பிள்' அவர் எழுதியது. 2015இல் கலிஃபோர்னியாவில் காலமானார். வாசிப்பாளர் வேறு, பாடலாசிரியர் வேறு என்று அவரை இரண்டாகப் பிரிப்பது தவறு. பாடலின் முழு உருவத்தையும் மனத்தில் வைத்திருந்தவர் என்பதாலேயே எங்கே கைவைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விமர்சகர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. 'ஆல் ரைட் நவ்' பாடலை மறுபடி ஒலிக்கவிட்டு, பேஸ் எங்கே வாசிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளோடு உங்கள் பழைய கட்டுரைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பிறகும் அடைப்புக்குறிதான் பொருத்தம் என்று தோன்றினால், காரணத்தை எழுதுங்கள். விவாதிக்க நாம் ஆயத்தமாகவே இருக்கிறோம்.